வெளிச்சாப்பாடு உள்ளே வராது

மகள் கேஷானியைக் கொழும்புக்கு அனுப்புவதா இல்லையா என்று கேட்டபோது, பாத்திரம் கழுவக் கிடக்கிறது என்று சொல்லி நடுவில் எழுந்து போனாளே சீதாதேவி, அந்தப் பாத்திரமெல்லாம் கழுவி ஒரு வாரம் ஆகிவிட்டது. கேள்வி மட்டும் கழுவப்படாமல் கிடந்தது.

கேட்டவள் சுமித்ரா. சீதாதேவியின் கணவன் பாலசுப்பிரமணியத்துக்கு ஒரே தம்பி கிருஷாந்த், அவனுடைய பெண்சாதி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள்.

"ஓ.எல். சோதனைய இவ்வளவு நல்லாப் பாஸ் பண்ணிட்டு இங்க ஏன்க்கா கிடக்கணும்? கொழும்புல எங்க வீட்டுல இருந்து ஏ.எல். படிக்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றிருந்தாள்.

அந்த ‘நான் பாத்துக்கிறேன்’தான் சீதாதேவிக்கு மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவள் யார் பார்த்துக்கொள்ள? மகளும்தான் என்ன, சித்தி வந்தால் போதும், அம்மா என்று ஒருத்தி அடுப்படியில் நிற்பதே மறந்துபோகும். சித்தி தலை பின்னினால் அழகு. சித்தி போட்டால் டீ கூட ருசி.

கிருஷாந்த்தான் ஒரு யோசனை சொன்னான். வருஷப்பிறப்புக்கு அண்ணனின் பலசரக்குக் கடை மூடியிருக்கும்போது, அவிசாவளையைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருக்கிற தண்ணீர் பார்க்கில் எல்லோரும் ஒருநாள் கூடுவோம். அவர்கள் கொழும்பிலிருந்து வரட்டும், இவர்கள் தெரணியகலையிலிருந்து வரட்டும். பிள்ளைகள் விளையாடட்டும். அங்கே வைத்து அண்ணி முடிவைச் சொல்லட்டும்.

சுமித்ராவுக்கு அந்த இடம் பழக்கம். ஏற்கெனவே போய்வந்தவள். முதல்நாள் மாலை கடை டெலிபோனுக்கு எடுத்தாள். பாலசுப்பிரமணியம் வாசலில் பலகை சாத்திக்கொண்டிருந்தார். கேஷானி உள்ளே வீட்டுக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். சீதாதேவி ரிசீவரை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றாள்.

"அக்கா, நாளைக்கு வெளிச்சாப்பாடு ஒண்ணும் கொண்டு வராதீங்க. கேட்டுலயே நிப்பாட்டிருவாங்க."

"சரி."

"கேஷானிக்கு கொட்டன் சுடிதார் வேணாம். அதோட தண்ணியில இறங்க விட மாட்டாங்க. நைலோன் துணியா ஏதாவது போட்டுவிடுங்க. நகையெல்லாம் வீட்டுலயே வச்சிருங்க."

"சரி."

"நேரத்தோட வந்துட்டா சறுக்குறதுக்கு கியூ இருக்காது. உள்ள கடையில கூட்டம் சேர முந்தியே பகலைக்குச் சாப்பிட்டுரலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுத் தண்ணியில இறங்கக் கூடாதுக்கா. தனுஜன் போன தடவை எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டான்."

"சரி சுமித்ரா, சரி."

வைத்தாள். உள்ளே குபுகுபுவென்று வந்தது. றக்வானைத் தோட்டத்துப் பீலியடியில் குளித்து வளர்ந்தவளுக்கு, எதை உடுத்திக்கொண்டு தண்ணீரில் இறங்குவது என்று கொட்டாஞ்சேனைப் பைப்படி பாடம் எடுக்கிறது. போகட்டும். சாப்பாடு கொண்டுவராதே என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கதிர்காமம் போனாலும் சிவனொளிபாதம் ஏறினாலும் அந்தக் குடும்பத்தில் கட்டுச்சோறு மூத்த மருமகள் கையால்தான். அவள் அவிழ்த்துப் பரிமாறினால்தான் மற்றவர்கள் கை நனைப்பார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் சுமித்ராவும் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதையும் பிடுங்கப் பார்க்கிறாளா?

"யாரு போன்ல?" என்றார் பாலசுப்பிரமணியம்.

"சுமித்ராதான். எப்ப பொறப்படுறீங்கன்னு கேட்டா."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்ப் புளியை ஊறவைத்தாள்.

விடியும் முன்பே புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு பிரட்டி, முட்டை அவித்து, கோழி பொரித்தாகிவிட்டது. மஹ்ரூப் கடையில் வாங்கிய ஹலால் கோழி. வேன் ஓட்டுகிற நுஹ்மானும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே. வாட்டிய வாழையிலையில் கட்டினாள். பொரித்த கறி வெளியே போகும்போது காத்துக்கருப்பு பின்னால் வரும் என்பதால், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டும் ஒரு காய்ந்த மிளகாயும் மேலே வைக்க மறக்கவில்லை. கேஷானிக்கு மஞ்சள் கொட்டன் சுடிதாரை இஸ்திரி போட்டு எடுத்துவைத்தாள். கேஷானி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எடுத்து உடுத்திக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சுமித்ரா, கிருஷாந்த், ஐந்து வயது தனுஜன் மூவரும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். சுமித்ராவின் கண் முதலில் போனது சாப்பாட்டுக் கூடை மேல். அடுத்து மஞ்சள் சுடிதார் மேல். கடைசியாகத்தான் சீதாதேவியின் முகத்துக்கு வந்தது. சீதாதேவி சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

கேட்டிலிருந்த காவல்காரர் கூடையைத் திறக்கச் சொன்னார்.

"கேம அத்துளட்ட கேன்ன பே, நோனா." சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். இலையின் ஓரத்தை விலக்கியதும் கரித்துண்டு கண்ணில் பட்டது. மனிதர் சிரித்துவிட்டார். "அபே அம்மத் தானவா" என்றார். அவருடைய அம்மாவும் இப்படித்தான் வைப்பாளாம். ஆனால் கூடை கூடைதான், சட்டம் சட்டம்தான்.

பாலசுப்பிரமணியத்துக்குச் சுர்ரென்று வந்தது. தம்பியிடம் திரும்பினார்.

"ஏன்டா, முன்னமே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒங்க அண்ணி ராத்திரியெல்லாம் தூங்காம அடுப்படியில நின்னுருக்கா."

கிருஷாந்த் விழித்தான். "இல்லண்ணே, சுமித்ரா நேத்து..."

"நான்தான் அத்தான், மறந்துட்டேன்" என்றாள் சுமித்ரா. "போன்ல எல்லாம் பேசினேன், இத மட்டும் சொல்லாம விட்டுட்டேன். ஏம் மேலதான் பிழை."

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்றால் நன்றி என்று ஒன்று நினைத்திருப்போம். சீதாதேவிக்கு வந்தது வயிற்றெரிச்சல். படித்தவளாக இருக்கிறாள், சிவப்பாக இருக்கிறாள், போதாததற்கு நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே. ஏதாவது ஒன்றையாவது மற்றவர்களுக்கு விட்டுவைக்கக் கூடாதா?

கூடை வேனுக்குத் திரும்பியது. நுஹ்மான் அதை நிழல் பக்கமாக வைத்துக்கொண்டான்.

அடுத்தது துணி. குளத்தடியில் விசிலோடு நின்ற பெண், கேஷானியின் சுடிதார் முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பாலசுப்பிரமணியம் மறுபடி வாயைத் திறக்கு முன் சுமித்ரா தன் பைக்குள் கையை விட்டாள். முழங்கால் வரைக்கும் காலும், கையும் வைத்த நீலக் குளியல் உடுப்பு. புதிது.

"வருஷத்துக்கு எடுத்தேன், கேஷானி. சரியா இருக்குமான்னு தெரியல. போட்டுப் பாரு."

சரியாக இருந்தது. தைத்து எடுத்த மாதிரி இருந்தது. தோளில் ஒரு மடிப்பு இல்லை, இடுப்பில் ஒரு தொங்கல் இல்லை. சீதாதேவி வருஷப்பிறப்புக்கு எடுத்துக் கொடுத்த சட்டையை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. பெற்றவளுக்குத் தெரியாத அளவு இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"பொருத்தமா இருக்காம்மா?" என்று கேஷானி கேட்டாள்.

"இருக்கு, இருக்கு. காலு கொஞ்சம் இறுக்கமோ?"

இறுக்கம் இல்லை. சீதாதேவிக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு சீதாதேவிக்குக் கிடைத்த வேலை, குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருடைய பையையும் செருப்பையும் காவல் காப்பது. சேலை கட்டியவளைத் தண்ணீரில் விட மாட்டார்கள். நகை வேண்டாம் என்று சொன்னதையும் கேட்காமல் போட்டுவந்த அட்டியல், ஏப்ரல் வெயிலில் கழுத்தைச் சுட்டது. பாலசுப்பிரமணியம்கூட வேட்டியை வைத்துவிட்டு, தம்பியின் அரைக்காற்சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

சுமித்ரா கறுப்பு உடுப்பில் கேஷானியின் கையைப் பிடித்துக்கொண்டு உயரமான சறுக்குப் பாதையில் ஏறினாள். முதலில் பயந்து பின்வாங்கிய பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, பிள்ளை உட்கார்ந்தது, கண்ணை மூடியது, வழுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. எழுந்ததும் முகத்தைக்கூடத் துடைக்காமல் மேலே பார்த்துக் கத்தியது.

"சித்தி, பாத்தீங்களா? சித்தி!"

குடைக்குக் கீழே இருந்த சீதாதேவி கையை அரைவாசி தூக்கியிருந்தாள், ஆட்டுவதற்காக. மெதுவாக அந்தக் கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கினாள். சுமித்ராவின் செருப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி, வெயிலில் வைத்தாள். சின்னத்தனம்தான். செய்யும்போது மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. சுமித்ரா சொன்ன மாதிரியே உள்ளே கடையில் கியூ வளைந்து நெளிந்து நின்றது. கிருஷாந்த் வெகுநேரம் நின்று பிரைட் ரைஸ் வாங்கிவந்தான். தனுஜன் ஒரு வாய் வாங்கி, முகத்தைச் சுளித்துத் துப்பினான். சுமித்ரா கொஞ்சினாள், மிரட்டினாள், ஐஸ்கிறீம் என்று ஆசை காட்டினாள். வாய் திறக்கவில்லை.

"பெரியம்மா சோறு வேணும்" என்றான்.

சுமித்ரா எழுந்தாள். "அப்ப எல்லாரும் வாங்க. கையில சீல் குத்திக்கிட்டு வெளிய போயிட்டுத் திரும்பி வரலாம். வேன்ல வச்சுச் சாப்பிடுவோம். நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலக்கா, ஒங்க கட்டுச்சோறு இருக்குமுன்னுதான் வந்தேன்."

‘இருக்குமுன்னு’. அப்படியென்றால், சொன்னாலும் அக்கா கேட்க மாட்டாள் என்று சுமித்ராவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சீதாதேவி அதை மென்று விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

வேனின் பின்கதவைத் திறந்துவைத்து இலையை அவிழ்த்தாள். புளிச்சோற்று மணம் எழுந்தது. எல்லோரும் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள், சுமித்ராவும்தான். நுஹ்மான் இரண்டாம் தடவை சோறு கேட்டான். தனுஜன் பெரியம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் உருட்டிக் கொடுத்த உருண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டான். சுமித்ரா தன் கையால் ஒரு உருண்டை நீட்டினாள். பிள்ளை தலையைத் திருப்பிப் பெரியம்மாவின் கையைத் தேடினான்.

சுமித்ராவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சிரித்துவிட்டாள். ஆனால் சீதாதேவி பார்த்துவிட்டாள். காலையிலிருந்து தன் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. படட்டும் என்றுதான் தோன்றியது. தனுஜனுக்கு இன்னொரு உருண்டை, கோழியை நன்றாகப் பிய்த்து வைத்து, கொஞ்சம் பெரிதாகவே கொடுத்தாள்.

கிருஷாந்த் கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"அண்ணி, கேஷானி விஷயம் என்ன முடிவு?"

"பாப்போம் தம்பி. நாளு இருக்குதானே."

"கிளாஸ் தொடங்கப் போகுதே அண்ணி."

"பாப்போம்னு சொன்னேனே."

கேஷானி தன் இலையை மடித்துக்கொண்டு எழுந்து போனாள். சுமித்ரா அவள் பின்னால் போனாள். பைப்படியில் இருவரும் கொஞ்ச நேரம் நின்று பேசியது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சீதாதேவி மிச்சச் சோற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

மாலை, கொழும்பு பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட்டு வேன் அவிசாவளைப் பக்கம் திரும்பியது. பாலசுப்பிரமணியம் முன் சீட்டில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். கேஷானி அம்மாவின் பக்கத்தில் ஈரத் தலையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்திகிட்ட சொல்லிட்டேன்மா."

"என்னத்த?"

"நான் வரலன்னு. தெரணியகலையிலயே படிக்கிறேன்னு."

ஜெயித்தாகிவிட்டது. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கிவிட்டது. சீதாதேவிக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மகளின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளக் கையைக்கூடத் தூக்கினாள்.

"ஏன்டி, ஒனக்கு ஆசைதானே?"

"ஆசைதான்."

"பிறகு?"

கேஷானி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"நேத்து சித்தி போன்ல பேசுனப்ப நான் உள்ளதானேம்மா சீனி நிறுத்துக்கிட்டு இருந்தேன். சித்தி கொரலுதான் ரிசீவர விட்டு வெளிய கேக்குமே. சாப்பாடு கொண்டு வராதீங்கன்னதும் கேட்டுச்சு, கொட்டன் வேணாம்னதும் கேட்டுச்சு."

சீதாதேவியின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப ஏன் அந்தச் சுடிதார உடுத்துக்கிட்டு வந்த?"

"நீங்கதானே எடுத்து வச்சீங்க."

வேன் ஒரு முடக்கில் திரும்பியது. கூடைக்குள் வெறும் பாத்திரங்கள் உருண்டன.

"ஒரு போனுக்கே இப்பிடின்னா" என்றாள் கேஷானி, "நான் அங்க போயிட்டா நீங்க தெனம் எப்பிடிம்மா இருப்பீங்க? அதான் வரலன்னுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். காய்ச்சல்காரியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாகப் பேசியது பிள்ளை. ‘என்னைவிடச் சித்தியைப் பிடிக்கும்’ என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பொறாமை யாரையோ சுடும் என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுட்டது இந்தப் பிள்ளையின் படிப்பை.

அவிசாவளையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பாலசுப்பிரமணியமும் நுஹ்மானும் டீக்கடைக்குள் போனார்கள். சீதாதேவி பக்கத்திலிருந்த கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்து, கிருஷாந்தின் கைபேசி நம்பரைச் சொன்னாள். கடைக்காரன் சுழற்றி ரிசீவரைக் கொடுத்தான். எடுத்தது சுமித்ரா. பின்னால் பஸ் இரைந்தது.

"சொல்லுங்கக்கா. எதையும் மறந்து விட்டுட்டு வந்துட்டோமா?"

"இல்ல. நேத்து நீ சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு சுமித்ரா. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

"விடுங்கக்கா. சோறு நல்லா இருந்துச்சு."

"இப்ப நான் சொல்றத நீ கேளு." சீதாதேவி தொண்டையைச் செருமினாள். "கேஷானி வெறும் வயித்துல டீ குடிக்க மாட்டா. ஒரு பிஸ்கட்டாவது வேணும். கத்தரிக்கா வச்சா தள்ளி வச்சிருவா. திட்டாத, மறுநாள் பொரிச்சுக் குடு, திம்பா. சோதனை வந்துட்டா சாப்பாட்டையே மறந்துருவா, பக்கத்துல ஒக்காந்து உருட்டிக் குடுக்கணும். பெரிய பிள்ளையாச்சேன்னு பாக்காத, வாங்கிக்குவா."

சீதாதேவி ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இடி இடிச்சா தனியாப் படுக்க மாட்டா. சொல்லவும் மாட்டா, பேசாம முழிச்சுக்கிட்டுக் கெடப்பா. நீயாப் போயி பக்கத்துல படுத்துக்க." உலகத்தில் சீதாதேவிக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. இனி இன்னொருத்திக்கும் தெரியும். வயிறு எரியத்தான் செய்தது, அதற்கு என்ன செய்ய? "கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்றாள் சுமித்ரா. "ஆனா அவதான் வரலன்னுட்டாளே."

"அது எனக்காகச் சொன்னது. அவளுக்காக அவ இன்னும் ஒண்ணுமே சொல்லல." மூச்சு எடுத்துக்கொண்டாள். "நீ பாத்துக்க, சுமித்ரா."

சொல்லிவிட்டுத் திரும்பினால், கடை வாசலில் கேஷானி. அம்மாவுக்கு வாங்கிய டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நேற்று முதுகைத் திருப்பிக்கொண்டு பேசியவள், இன்றைக்கு ரிசீவரை மகள் பக்கம் நீட்டினாள்.

"சித்திதான். நீயே பேசு."

கேஷானி ரிசீவரைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் எதையோ தேடினாள். உள்ளிருந்து சுமித்ராவின் குரல் சின்னதாக "கேஷானி, கேஷானி" என்று கூப்பிட்டது.

சீதாதேவி நீட்டிய கையை மடக்கவில்லை. கேஷானி டீ கிளாசை மேசைமேல் வைத்தாள்.